குபெர்னெட்டிஸ் கிளஸ்டர் நிறுவும் முன் நெட்வொர்க் திட்டம்: முழுமையான வழிகாட்டி

கன்டெய்னர்களில் ஓடும் மென்பொருள்களைப் பல சர்வர்களில் (நோடுகளில்) பரப்பி இயக்கும் குபெர்னெட்டிஸ் கிளஸ்டரை நிறுவ இன்று அதிக நேரம் பிடிப்பதில்லை. எல்லா நெட்வொர்க் கேள்விக்கும் நிறுவும் கருவியே ஒரு டிஃபால்ட் பதிலை வைத்திருக்கிறது. எதையும் தொடாமல் என்டர் தட்டிக்கொண்டே போனாலும் கிளஸ்டர் எழுந்து நிற்கும். சிக்கல் தலைகாட்டுவது பல மாதம் கழித்து, அதன்மேல் நிஜ வேலைகள் ஓடத் தொடங்கிய பிறகுதான்.

இந்த அமைப்புகள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. இன்கிரஸ் கன்ட்ரோலர் (வெளியிலிருந்து வரும் வலைக் கோரிக்கைகளை உள்ளே அனுப்புவது), நெட்வொர்க் பாலிசி, லோடு பேலன்சர் முகவரிகள் போன்றவற்றை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பாட் (கன்டெய்னர்கள் ஓடும் மிகச் சிறிய அலகு) ஐபி ரேஞ்ச், சர்வீஸ் (பல பாட்களுக்கு முன்னால் நிற்கும் நிலையான முகவரி) ஐபி ரேஞ்ச், கன்ட்ரோல் பிளேன் (கிளஸ்டரை நிர்வகிக்கும் பகுதி) முகவரி, கிளஸ்டர் டொமைன் (உள்பெயர்களின் பின்னொட்டு) ஆகிய நான்கும் அப்படி இல்லை. இவற்றை ஓடுகிற கிளஸ்டரில் மாற்றுவதைவிட, புதிதாக ஒன்றைக் கட்டி வேலைகளை அங்கே நகர்த்துவதே பெரும்பாலும் சுலபம். அதனால் திட்டமிடும் நேரத்தில் பெரும்பகுதியை இந்த நான்குக்கே ஒதுக்குங்கள். இந்தக் கட்டுரையும் அப்படித்தான் போகிறது.

படி 1: ஏற்கெனவே என்னென்ன முகவரிகள் புழக்கத்தில் இருக்கின்றன?

கிளஸ்டருக்கு மூன்று தனித்தனி ரேஞ்ச்கள் வேண்டும். முதலாவது நோடுகள் இருக்கும் நிஜ நெட்வொர்க். இரண்டாவது பாட்களுக்கானது. மூன்றாவது சர்வீஸ்களுக்கானது; இந்த முகவரிகள் எந்த நிஜ நெட்வொர்க் இன்டர்ஃபேஸிலும் உட்காருவதில்லை, கெர்னல் விதிகளில் மட்டும் வாழ்கின்றன. மூன்றும் ஒன்றோடொன்று மோதக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் கோட்டைவிடுவது அடுத்த நிபந்தனையை: பாட்கள் என்றாவது பேச வேண்டியிருக்கும் வெளி நெட்வொர்க் எதனோடும் இவை மோதக் கூடாது.

எனவே முதல் வேலை ஒரு விரிதாளைத் திறந்து எல்லாவற்றையும் எழுதுவது. அலுவலக நெட்வொர்க், டேட்டாபேஸ் சர்வர்கள், வேறு டேட்டாசென்டர்கள், கிளவுட் விபிசிகள் (கிளவுடில் உள்ள உங்கள் தனி நெட்வொர்க்குகள்), கூட்டாளி நிறுவனங்களுக்கான தனி இணைப்புகள், விபிஎன் வழியாக வருபவர்களுக்குக் கிடைக்கும் முகவரிகள், பேக்கப் நெட்வொர்க் என ஒன்றையும் விடாதீர்கள். நெட்வொர்க் குழுவிடம் வெறுமனே "காலியான ரேஞ்ச் எது?" என்று கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், ரௌட்டிங் டேபிளையே கேட்டு வாங்குங்கள். ஆவணத்தில் இல்லாததும் அதில் இருக்கும்.

அதோடு மென்பொருள்கள் தாமாகவே பிடித்துக்கொள்ளும் ரேஞ்ச்களையும் சேர்த்து எழுதுங்கள். கிளஸ்டரை நிறுவும் கருவியான கியூப்-அட்மின் சர்வீஸ்களுக்கு 10.96.0.0/12 எடுக்கும் (கோட்டுக்குப் பின் உள்ள எண் சிறிதாக இருந்தால் ரேஞ்ச் பெரிது). பாட்களுக்கு நெட்வொர்க் அமைத்துத் தரும் சிஎன்ஐ மென்பொருள்களில் ஃபிளானல் பாட்களுக்கு 10.244.0.0/16. காலிகோ 192.168.0.0/16. கே3எஸ் பாட்களுக்கு 10.42.0.0/16, சர்வீஸ்களுக்கு 10.43.0.0/16. ஓப்பன்ஷிஃப்ட் 10.128.0.0/14 மற்றும் 172.30.0.0/16. டாக்கர் எங்காவது நிறுவப்பட்டிருந்தால் அதன் பிரிட்ஜ் 172.17.0.0/16. சிலியம் என்ற சிஎன்ஐயின் டிஃபால்ட் இன்னும் துணிச்சலானது: 10.0.0.0/8 முழுவதையும் பாட்களுக்கான பூல் என்று எடுத்துக்கொள்ளும். பல நிறுவனங்களில் அது மொத்த அக நெட்வொர்க்கே.

மோதினால் என்ன ஆகும்?

உடனே உடைந்தால் பரவாயில்லை; கண்டுபிடித்துவிடலாம். ஒரு உதாரணம் பாருங்கள். 10.96.0.0/12 என்பது 10.96.0.0 முதல் 10.111.255.255 வரை. உங்கள் டேட்டாபேஸ் 10.100.20.5 இல் இருக்கிறது. அது சர்வீஸ் ரேஞ்சுக்குள் விழுகிறது. ஆனால் சர்வீஸ் முகவரிகளைப் பாட்களுக்குத் திருப்பும் கியூப்-பிராக்ஸி, ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் பாக்கெட் விதிகள்) முறையில், ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட சர்வீஸ் முகவரிகளுக்கு மட்டுமே விதி எழுதும். அந்த முகவரியில் இன்னும் எந்த சர்வீஸும் இல்லாததால் பாக்கெட் வழக்கம்போல வெளியே போய் டேட்டாபேஸை அடையும். எல்லாம் ஒழுங்காக ஓடும். என்றோ ஒருநாள் யாரோ ஒரு புது சர்வீஸை உருவாக்க, அதற்கு 10.100.20.5 ஒதுக்கப்படும். அந்த நொடியிலிருந்து கிளஸ்டருக்குள் இருப்பவர்களுக்கு டேட்டாபேஸ் காணாமல் போகும். வெளியிலிருந்து பார்த்தால் டேட்டாபேஸ் நன்றாகவே இருக்கும். இரு குழுக்களும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு இருப்பார்கள்.

பாட் ரேஞ்ச் மோதினால் கதை வேறு. பாட்டிலிருந்து வெளியே போகும் பாக்கெட்டின் மூல முகவரியை நோடின் முகவரியாக மாற்றி அனுப்புவதுதான் வழக்கம். சேருமிடம் பாட் ரேஞ்சுக்குள் இருந்தால் அந்த மாற்றம் நடக்காது, ஏனென்றால் அது இன்னொரு பாட் என்று சிஎன்ஐ நினைத்துக்கொள்கிறது. வெளி சர்வருக்கு முன்பின் அறியாத ஒரு பாட் முகவரியிலிருந்து பாக்கெட் போகும், பதில் திரும்பாது. நோடில் நுழைந்து அதே சர்வருக்கு இணைப்பு கொடுத்துப் பார்த்தால் வேலை செய்யும். புதிதாகச் சேரும் ஒரு நோடுக்கு அதே சப்நெட் ஒதுக்கப்படும் நாளில் அதுவும் நின்றுபோகும். "நோடில் வேலை செய்கிறது, பாட்டில் செய்யவில்லை" என்ற புகார் வந்தால் முதலில் இந்த மோதலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

படி 2: பாட் ரேஞ்சின் அளவு

இங்கே கணக்கு போட்டே ஆக வேண்டும். குபெர்னெட்டிஸ் டிஃபால்டாக ஒவ்வொரு நோடுக்கும் ஒரு /24 வெட்டிக் கொடுக்கும், அதாவது 256 முகவரிகள். ஒரு நோடில் ஓடக்கூடிய பாட்களின் டிஃபால்ட் உச்சவரம்பு 110. இரண்டு மடங்குக்கு மேல் முகவரி இருப்பது வீண் செலவு போலத் தெரியும். அப்படி இல்லை. ரோலிங் அப்டேட் நடக்கும்போது பழைய பாட்கள் செத்துக்கொண்டும் புதியவை பிறந்துகொண்டும் இருக்கும்; விடுபட்ட முகவரி உடனே மறுபடி கைக்கு வராது. அந்த இடைவெளி தேவை.

/16 எடுத்தால் 256 நோடுகள். /17 என்றால் 128. /20 எடுத்துவிட்டு "4,096 முகவரி இருக்கிறதே" என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அதில் வெறும் 16 நோடுகள்தான் அடங்கும். பதினேழாவது நோடு சேரும், ஆனால் அதற்குப் பாட் சப்நெட் கிடைக்காது. ஃபிளானல் போல அதை நம்பியிருக்கும் சிஎன்ஐ அங்கே எழும்பவே எழும்பாது. முகவரி எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், நோடு எண்ணிக்கையைப் பாருங்கள். அப்கிரேட் சமயத்தில் பழைய நோடை எடுக்கும் முன் புதிய நோடைச் சேர்ப்பது வழக்கம் என்பதால் அந்தக் கூடுதல் நோடுகளையும் கணக்கில் சேருங்கள்.

இடம் நெருக்கடியாக இருந்தால் ஒரு நோடுக்கு /25 என்று குறைக்கலாம். 128 முகவரி, 110 பாட். உண்மையில் 60, 70 பாட்களுக்கு மேல் ஓட்டமாட்டீர்கள் என்றால் தாங்கும். உச்சவரம்பையும் சேர்த்துக் குறைத்துவிடுங்கள். எதிர்த்திசையில், பெரிய பேர்மெட்டல் சர்வர்களில் ஒரு நோடுக்கு 250 பாட் வரை ஓட்ட நினைத்தால் /24 போதாது, /23 வேண்டும். ஓப்பன்ஷிஃப்டின் டிஃபால்ட்டே /23 தான். /14 ரேஞ்சில் 512 நோடுகள் என்று அதன் கணக்கு.

காலிகோ தன் சொந்த ஐபி நிர்வாகத்தைப் பயன்படுத்தும்போது இந்தக் கணக்கு மாறும். அது நோடுக்கு /24 என்று பார்ப்பதில்லை. பூலிலிருந்து 64 முகவரிகள் கொண்ட /26 துண்டுகளாக, தேவைக்கு ஏற்ப நோடுகளுக்குக் கொடுக்கிறது. சிறு ரேஞ்சை இறுக்கமாகப் பயன்படுத்த இது நல்லது. பின்னால் புதுப் பூல் சேர்த்துப் பாட்களை மெல்ல நகர்த்தவும் முடியும்.

கிளவுடில் பாட்களுக்கு விபிசி முகவரியையே நேரடியாகக் கொடுக்கும் சிஎன்ஐகள் உண்டு. அமேசானின் விபிசி சிஎன்ஐ அப்படித்தான். அங்கே பாட் ரேஞ்ச் என்று தனியாக ஒன்று இல்லை, சப்நெட்டே தீர்ந்துபோகும். 251 முகவரிகள் மட்டுமே பயன்படும் /24 சப்நெட்களில் கிளஸ்டரை வைத்தால், நோடுகளில் சிபியு சும்மா இருக்கும்போதே பாட்கள் ஐபி கிடைக்காமல் காத்து நிற்கும்.

தனியார் முகவரிகள் எல்லாம் தீர்ந்துவிட்டால் 100.64.0.0/10 பக்கம் பலர் போகிறார்கள். இணையச் சேவை நிறுவனங்களின் பெரிய அளவு நேட்டுக்காக (முகவரியை மாற்றி அனுப்பும் முறை) 2012-இல் ஒதுக்கப்பட்டது அது. பாட்களுக்கு ஏற்றதுதான், இரண்டு எச்சரிக்கையோடு: டெய்ல்ஸ்கேல் விபிஎன் இதே ரேஞ்சைத்தான் பயன்படுத்துகிறது, ஓவிஎன்-குபெர்னெட்டிஸ் என்ற சிஎன்ஐ தன் உள்வேலைக்கு 100.64.0.0/16 எடுத்துக்கொள்கிறது.

படி 3: சர்வீஸ் ரேஞ்ச்

இதற்கு அவ்வளவு இடம் தேவையில்லை. /12 இல் பத்து லட்சத்துக்கும் மேல் முகவரிகள். யாருக்கும் அத்தனை சர்வீஸ் இருக்கப்போவதில்லை. /20 எடுத்தால் 4,096. பெரும்பாலான கிளஸ்டர்களுக்கு இது தாராளம். ரேஞ்சின் முதல் முகவரி ஏபிஐ சர்வருக்கு (கிளஸ்டருக்கான கட்டளைகள் வந்து சேரும் இடம்) போய்விடும், சான்றிதழிலும் ஏறிவிடும். கியூப்-அட்மின் பத்தாவது முகவரியை டிஎன்எஸ்ஸுக்கு எடுக்கும்.

குபெர்னெட்டிஸ் 1.33 வெளியீட்டிலிருந்து கூடுதல் சர்வீஸ் ரேஞ்ச்களைப் பின்னால் சேர்க்கும் வசதி நிலைபெற்றுவிட்டது. ஆகவே சிறிதாகத் தொடங்கினால் தப்பில்லை. தவறான இடத்தில் தொடங்கினால்தான் தப்பு. சேர்ப்பது சுலபம், முதல் ரேஞ்சைக் கழற்றுவது சுலபமல்ல.

ஒரு மாதிரித் திட்டம்: நோடுகளுக்கு 10.20.4.0/24, பாட்களுக்கு 10.180.0.0/16, சர்வீஸ்களுக்கு 10.181.0.0/20. இரண்டாவது கிளஸ்டருக்கு 10.182.0.0/16, 10.181.16.0/20. நேட் இருப்பதால் எல்லா கிளஸ்டரிலும் ஒரே பாட் ரேஞ்சை வைக்கலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. நேரடியாகப் பேசிக்கொள்ளாத வரை அது சரிதான். பின்னால் இரண்டையும் கிளஸ்டர் மெஷ்ஷில் இணைக்க ஆசைப்பட்டால் பாட் ரேஞ்ச்கள் வேறு வேறாக இருந்தே ஆக வேண்டும். முகவரி கையிருப்பில் இருக்கும்போது தனித்தனியாகவே கொடுத்துவிடுங்கள்.

ஐபிவி6 தேவைப்படும் வாய்ப்பு கொஞ்சம் இருந்தாலும் நிறுவும்போதே இரட்டை ஸ்டாக் (ஐபிவி4, ஐபிவி6 இரண்டும்) அமையுங்கள். 1.23 முதல் அது நிலையான வசதி. ஐபிவி6 சர்வீஸ் ரேஞ்சை /108-ஐவிடப் பெரிதாக வைக்காதீர்கள். /64 கொடுத்தால் மறுக்கப்படலாம்.

படி 4: நோடு முகவரிகளும் கன்ட்ரோல் பிளேன் பெயரும்

நோடுகளுக்கு நிலையான ஐபி, இல்லையென்றால் டிஹெச்சிபி ரிசர்வேஷன். கன்ட்ரோல் பிளேன் நோடின் ஐபி சான்றிதழ்களிலும் எட்சிடி (கிளஸ்டரின் நிலையைச் சேமிக்கும் டேட்டாபேஸ்) உறுப்பினர் பட்டியலிலும் பதிந்துவிடுகிறது. ஐபி மாறினால் அந்த நோடு தன் வீட்டுக்கே அந்நியமாகிவிடும்.

இப்போது ஒரே ஒரு கன்ட்ரோல் பிளேன் நோடு மட்டும் போடப் போகிறீர்களா? அப்படியானாலும் கன்ட்ரோல் பிளேன் எண்ட்பாயிண்ட்டாக ஒரு டிஎன்எஸ் பெயரைக் கொடுத்துவிடுங்கள். இன்று அந்தப் பெயர் அந்த ஒரு நோடைச் சுட்டட்டும். நாளை மூன்று நோடு ஆக்கும்போது பெயரை லோடு பேலன்சர் பக்கம் திருப்பினால் போதும். எண்ட்பாயிண்ட் கொடுக்காமல் கியூப்-அட்மினில் கட்டிய ஒற்றை நோடு கிளஸ்டரைப் பின்னர் உயர் கிடைப்புநிலைக்கு மாற்றுவதற்கு ஆதரவில்லை. ஒரு வரி அமைப்புதான், இதை விட்டவர்கள் படும் பாடு பெரிது.

லோடு பேலன்சர் 6443 போர்ட்டை டிசிபி அளவிலேயே கடத்த வேண்டும். டிஎல்எஸ்ஸை நடுவில் அவிழ்க்கக் கூடாது. தனி லோடு பேலன்சர் இல்லாத இடங்களில் கியூப்-விஐபி, அல்லது கீப்அலைவ்டி-யும் ஹெச்ஏபிராக்ஸியும் சேர்ந்த ஏற்பாடு ஒரு மிதக்கும் ஐபியைத் தரும். எதைப் போட்டாலும் அந்த ஐபி டிஹெச்சிபி பூலுக்கு வெளியே இருக்கட்டும். எட்சிடி நோடுகளை வெகு தொலைவில் பிரித்து வைக்காதீர்கள். அதன் டிஃபால்ட் ஹார்ட்பீட் 100 மில்லிசெகண்ட்.

நோடில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் இருந்தால் கவனம் தேவை. நோடில் ஓடும் குபெர்னெட்டிஸ் ஏஜென்ட்டான கியூப்லெட்டும், ஃபிளானலும் தாமாகத் தேர்ந்தெடுப்பது டிஃபால்ட் கேட்வே இருக்கும் இன்டர்ஃபேஸை. வேக்ரன்ட்டும் விர்ச்சுவல்பாக்ஸும் வைத்துப் பழகுபவர்கள் மாட்டுவது இங்கேதான்: எல்லா விஎம்மிலும் முதல் கார்டு நேட் கார்டு, எல்லாவற்றுக்கும் 10.0.2.15. நோடுகள் ரெடி என்று காட்டும், பாட்கள் மட்டும் ஒன்றையொன்று பார்க்காது. நோடு ஐபியையும் சிஎன்ஐயின் இன்டர்ஃபேஸையும் வெளிப்படையாக எழுதிக் கொடுங்கள்.

படி 5: ஓவர்லேயா, ரௌட்டிங்கா, எம்டியு எவ்வளவு?

நோடுகள் பல சப்நெட்களில் இருந்து, நெட்வொர்க் குழு பிஜிபி (பாட் முகவரிகளுக்கான வழியை ரௌட்டர்களுக்குச் சொல்லும் முறை) பேச ஒப்புக்கொள்ளாவிட்டால், பாட்டின் பாக்கெட்டை நோடின் பாக்கெட்டுக்குள் பொதிந்து டனலில் அனுப்பும் ஓவர்லேதான் வழி. பிஜிபி கிடைக்குமானால் காலிகோவையோ சிலியமையோ ரௌட்டிங் முறையில் ஓட்டலாம். டனல் சுமை இல்லை, பிழை தேடுவதும் எளிது. புதிதாகத் தொடங்குபவருக்கு என் தேர்வு விஎக்ஸ்லேன் என்ற ஓவர்லே. எந்த நெட்வொர்க்கிலும் ஓடும். ஐபி-இன்-ஐபி என்ற இன்னொரு டனலை அஷூர் போன்ற இடங்கள் கடத்துவதே இல்லை.

டனல் போட்டால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு மேலுறை சேரும். விஎக்ஸ்லேனுக்கு 50 பைட், ஐபி-இன்-ஐபிக்கு 20, ஐபிவி4 மேல் ஓடும் வயர்கார்டுக்கு 60. நோடின் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1500 என்றால் விஎக்ஸ்லேனில் பாட்டின் எம்டியு 1450. கூகுள் கிளவுடின் விபிசி டிஃபால்ட் 1460. அதில் நீங்களே விஎக்ஸ்லேன் ஓட்டினால் 1410. நடுவில் விபிஎன் இருந்தால் இன்னும் குறையும்.

எம்டியு தவறாக இருந்தால் வரும் அறிகுறி ஆளைக் குழப்பும். பிங் போகும். டிஎன்எஸ் பதில் வரும். டிசிபி இணைப்புகூட ஏற்படும். ஹெச்டிடிபிஎஸ் மட்டும் சர்வர் சான்றிதழ் அனுப்பும் இடத்தில் அப்படியே தொங்கும், ஏனென்றால் முழு அளவு பாக்கெட் போவது அப்போதுதான். "பாக்கெட் பெரிது, துண்டாக்கு" என்று திரும்பி வர வேண்டிய ஐசிஎம்பி செய்தியை ஏதோ ஒரு ஃபயர்வால் விழுங்கியிருக்கும்.

நிறுவும் முன்பே இதைச் சோதிக்கலாம். ஒரு நோடிலிருந்து இன்னொரு நோடுக்கு, துண்டாக்கத் தடை போட்டு, 1472 பைட் தரவோடு பிங் அனுப்புங்கள். ஐசிஎம்பி தலைப்பு 8, ஐபி தலைப்பு 20, ஆக மொத்தம் 1500. போனால் பாதை 1500-ஐத் தாங்குகிறது. போகாவிட்டால் போகும்வரை குறைத்து, கிடைத்த எண்ணோடு 28 கூட்டி, டனல் சுமையைக் கழித்துச் சிஎன்ஐ அமைப்பில் கையால் எழுதுங்கள். ஒரே ரேக்கில் உள்ள நோடுகளுக்கு இடையில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். மிகத் தொலைவில் உள்ள இரு நோடுகளுக்கு இடையில் பாருங்கள்.

படி 6: டிஎன்எஸ்

கிளஸ்டர் டொமைன் டிஃபால்டாக கிளஸ்டர்.லோக்கல். மாற்ற வலுவான காரணம் இல்லையென்றால் அப்படியே விடுங்கள். அந்தப் பெயரை நேரடியாக எழுதிவைத்திருக்கும் ஹெல்ம் சார்ட்கள் (தயார் நிறுவல் தொகுப்புகள்) ஏராளம். நிறுவனத்தின் நிஜ டொமைனை மட்டும் இங்கே கொடுக்கவே கூடாது. கிளஸ்டரின் டிஎன்எஸ் சர்வரான கோர்-டிஎன்எஸ் அந்த டொமைன் முழுவதும் தன்னுடையது என்று நினைத்து, வெளியே இருக்கும் நிஜப் பெயர்களுக்கு "இல்லை" என்று சொல்லிவிடும்.

அடுத்தது நோடின் சர்ச் டொமைன். பாட்டுக்குள் என்டாட்ஸ் மதிப்பு 5. ஒரு பெயரில் ஐந்து புள்ளிகளுக்குக் குறைவாக இருந்தால் முதலில் சர்ச் பட்டியலில் உள்ள ஒவ்வொரு டொமைனையும் ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளபடியே தேடும். கிளஸ்டரின் மூன்று சர்ச் டொமைன்களோடு நோடிலிருந்து வரும் டொமைனும் சேர்ந்துகொள்ளும். ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்குமாக ஒரு வெளிப்பெயருக்கு எட்டு வீண் கேள்விகள். மெதுவாகும், அவ்வளவுதானே என்று விட்டுவிட முடியாது. நோடின் சர்ச் டொமைனில் யாராவது எல்லாப் பெயருக்கும் பதில் தரும் வைல்டுகார்டு பதிவு வைத்திருந்தால், பாட்கள் தேடும் எந்த வெளிப்பெயரும் அந்த வைல்டுகார்டு சர்வருக்கே போய் நிற்கும். இமேஜ் இழுப்பது நோடின் வேலை என்பதால் அது சரியாக நடக்கும். பாட்டுக்குள் இருந்து வெளி ஏபிஐ அழைத்தால் மட்டும் சம்பந்தமில்லாத சான்றிதழ் வரும். நோடுகளில் சர்ச் டொமைனைக் காலியாக வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

நோடில் நேம்சர்வர் மூன்றுக்கு மேல் வேண்டாம், கியூப்லெட் மிச்சத்தை வெட்டிவிடும். 127.0.0.53 போன்ற உள்முகவரி கோர்-டிஎன்எஸ்ஸுக்குப் போய்விட்டால் அது தன்னையே கேட்டுச் சுற்றி, லூப் என்று சொல்லி நின்றுவிடும். கியூப்-அட்மின் இதைத் தானே கவனித்துக்கொள்கிறது. கையால் கியூப்லெட் அமைப்பவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 7: ஃபயர்வால், பிராக்ஸி, லோடு பேலன்சர் பூல்

ஃபயர்வால் கோரிக்கையை ஒரே தடவையில் முழுமையாகக் கொடுங்கள். ஏபிஐ சர்வர் 6443. எட்சிடி 2379, 2380, கன்ட்ரோல் பிளேன் நோடுகளுக்குள் மட்டும். கியூப்லெட் 10250. நோடுபோர்ட் (நோடின் முகவரியிலேயே சர்வீஸைத் திறக்கும் போர்ட்கள்) 30000 முதல் 32767 வரை, தேவையானவர்களுக்கு மட்டும். இதோடு சிஎன்ஐயின் போர்ட்: ஃபிளானலும் சிலியமும் விஎக்ஸ்லேனுக்கு யுடிபி 8472, காலிகோ யுடிபி 4789, பிஜிபி என்றால் டிசிபி 179, ஜெனீவ் என்றால் யுடிபி 6081. விட்டுப்போவது பெரும்பாலும் இந்த யுடிபி வரிதான். ஐபி-இன்-ஐபிக்கு போர்ட்டே கிடையாது, அது ஐபி புரோட்டோகால் எண் 4. படிவத்தில் போர்ட் என்ற கட்டத்தில் 4 என்று எழுதிவிடாதீர்கள்.

வெளியே போக பிராக்ஸி கட்டாயம் என்றால், விலக்குப் பட்டியலில் நோடு, பாட், சர்வீஸ் ரேஞ்ச்கள் மூன்றும், கிளஸ்டர் டொமைனும், கன்ட்ரோல் பிளேன் பெயரும் இருக்க வேண்டும். எல்லா நிரல்களும் /16 போன்ற எழுத்துமுறையை விலக்குப் பட்டியலில் புரிந்துகொள்வதில்லை. அதனால் சர்வீஸ் ரேஞ்சின் முதல் முகவரியைத் தனியாகவும் ஒருமுறை எழுதிவிடுங்கள்.

சொந்த சர்வர்களில் சர்வீஸ்களுக்கு லோடு பேலன்சர் முகவரி தரும் மெட்டல்எல்பி போடுவதாக இருந்தால் நோடு சப்நெட்டிலேயே ஒரு துண்டை, மாதிரித் திட்டத்தில் 10.20.4.200 முதல் 239 வரை, டிஹெச்சிபியிலிருந்து விலக்கி வையுங்கள். லேயர் 2 முறையில் ஒரு சர்வீஸ் ஐபியின் மொத்தப் போக்குவரத்தும் ஒரே நோடு வழியாகத்தான் வரும்.

படி 8: நிறுவிய உடனே, வேலை எதையும் ஏற்றும் முன்

வெவ்வேறு நோடுகளில் இரண்டு பாட்களை எழுப்பி, ஒன்றிலிருந்து மற்றொன்றின் ஐபிக்குச் சில மெகாபைட் கோப்பை அனுப்பிப் பாருங்கள். வெறும் பிங் போதாது. பாட்டுக்குள்ளிருந்து ஒரு சர்வீஸ் பெயர், ஒரு அக நெட்வொர்க் பெயர், ஒரு வெளிப்பெயர் மூன்றையும் தேடுங்கள். முதல் படியில் எழுதிய விரிதாளைத் திறந்து, அதில் உள்ள ஒவ்வொரு நெட்வொர்க்கிலும் ஒரு சர்வருக்குப் பாட்டிலிருந்து இணைப்பு கொடுங்கள். ஒவ்வொரு நோடுக்கும் ஒதுக்கப்பட்ட பாட் சப்நெட் நீங்கள் திட்டமிட்ட ரேஞ்சுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கியூப்-அட்மினுக்கு ஒரு ரேஞ்சும் சிஎன்ஐயின் யாமல் கோப்பில் வேறொரு ரேஞ்சும் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இந்தச் சோதனைகளில் ஏதாவது ஒன்று தோற்றால் ஒட்டுப்போடாமல், கிளஸ்டரை அப்போதே அழித்துவிட்டு, அமைப்புக் கோப்பைத் திருத்தி மறுபடி நிறுவுங்கள். அதில் இன்னும் யாருடைய வேலையும் ஓடவில்லை.